டிரங்குப் பெட்டிச் சோறு

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முன்பெல்லாம் சர்க்கரை, பிரஷர், முட்டிவலி என்று பேச்சு போகும். இப்போது மொட்டை மாடியில் பதித்த சோலார் பலகைகளைப் பற்றிப் போகிறது. எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறீர்கள், காக்கா எச்சத்தை எதை வைத்துத் துடைக்கிறீர்கள், மேகம் போட்டால் மோட்டார் ஓடுமா. போன வாரம் ஒரு நண்பர் என் தோளைத் தட்டி, "உங்களுக்கு இதெல்லாம் புதுசு, மெதுவா கத்துக்குங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா, நான் ஆறாம் வகுப்பிலேயே சூரியனை வீட்டு வேலைக்கு வைத்தவன். அது மூன்று நாள் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் என் அப்பாவைப் போலீசில் பிடித்துக் கொடுத்தது. கூட இருந்து எடுபிடி செய்தவன் நான்.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகிற வழியில், ஊரை விட்டுத் தள்ளி, மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் இருந்தது. ஓலைக்கூரை. அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ளப் பெரியம்மா வீடு ஒன்றுதான். பெரியம்மா சொந்தமெல்லாம் இல்லை. அம்மா அவளை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா. வாசலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலையின் முதல் முகடு பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கதை அந்த வருஷத்து முழுப்பரீட்சை லீவிலேயே ஆரம்பித்துவிட்டது. எங்கள் சயின்ஸ் சார் ஒரு பூதக்கண்ணாடியை வகுப்பில் சுற்றுக்கு விட்டார். அது என்னிடம் வந்ததும் சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. லீவு முழுக்க அதை வெயிலில் பிடித்து, கண்ணில் பட்ட மரத்திலெல்லாம் சுட்டுச் சுட்டுப் பெயர் எழுதினேன். உலக்கையில் எழுதினேன். ஏர் மேழியில் எழுதினேன். பெரியம்மா வீட்டுக் கிடாவின் கொம்பில் எழுதப்போய் வயிற்றில் முட்டு வாங்கினேன். கடைசியில் அப்பாவின் ரம்பம் கிடைத்தது.

அது ஆள் நீளத்துக்கு இருக்கும் இழுப்பு ரம்பம். இரண்டு முனையிலும் மரப்பிடி. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேண்டும். பட்டுப்போன பனை, சாய்ந்த தென்னை என்று யார் கூப்பிட்டாலும் அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். அதன் பிடியில் நான் அப்பாவின் பெயரை இன்ஷியலோடு எழுதினேன். இடம் மிச்சம் இருந்ததால் ஊர்ப் பெயரையும் எழுதினேன். இன்னும் கொஞ்சம் இருந்ததால் அணைக்குப் போகும் வழி என்றும் எழுதினேன். அப்பா அதை ஊர் முழுக்கக் காட்டினார். "எம் மவன் வெயில்லயே எழுதிட்டான் பாரு!"

புரட்டாசியில் போராட்டம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கும் பங்கு வை என்று எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்ட இட ஒதுக்கீட்டுப் போராட்டம். எனக்கு அதில் புரிந்தது பள்ளிக்கூடம் லீவு என்பது மட்டும். ஒரு காலையில் எழுந்தால் ஆறு மணி டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடக்கின்றன என்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தோம். வெட்டின மரத்தின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. நானும் இன்னும் நாலு பயல்களும் அடிமரத்தில் குதிரை ஓட்டினோம். காயும் கொழுந்துமாகக் கிளைகள் தரையில் கிடக்க, இதைவிட நல்ல போராட்டம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

அன்று பத்து மணிக்கே அந்த நினைப்பு போய்விட்டது. போலீஸ் லாரி மரங்களைச் சுற்றிக்கொண்டு வயல் வழியாக வந்தது. விசில் சத்தம். எங்கோ ஒரு பெண் அலறினாள். ஊருக்குள் கையில் கிடைத்த ஆம்பிளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் கரும்புக்குள் புகுந்தார்கள். பெரியம்மா மூச்சிரைக்க வந்து சொன்னாள்: "மரத்துல ஒரு ரம்பம் மாட்டிக்கினு கெடந்துதாம். எடுத்துப் பாத்தா, பேரு ஊரு வழி எல்லாம் எழுதிக்கீதாம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

ஊர் இளவட்டங்கள் ரம்பத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் அம்மா எல்லாரிடமும் சொன்னாள். நானும் வெகுகாலம் அதையே சொன்னேன். இப்போது யோசித்தால், பழகாதவன் இழுத்தால் அந்த ரம்பம் நாலாவது இழுப்பில் மடங்கிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் பழகினவர் ஒருவர்தான். அன்றைக்கு விடியற்காலையில் அவர் வீட்டில் இல்லை. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அப்பா எடுத்துக்கொண்டது ஒரு துண்டும் தீப்பெட்டியும்தான். "மலையில தெரிஞ்சவங்க கீறாங்க. கஞ்சி ஊத்துவாங்க. தேதி கிட்ட வந்துக்கினு கீது, நீ ஜாக்கிரதயா இரு" என்றார் அம்மாவிடம். அம்மாவுக்கு ஒன்பதாம் மாதம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டேய், உனுக்கு வாய் ஜாஸ்தி. ஆரு வந்து இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. அப்பா எங்கன்னா தெரியாது. அப்பா பேரு இன்னான்னா அதுவும் தெரியாது. வாயத் தொறக்கவே கூடாது."

"சரிப்பா."

"இப்ப இன்னாத்துக்குத் தொறந்த?"

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். மரவள்ளிக்குள் போய், வாய்க்காலைத் தாண்டி, மலைப்பக்கம் மறைந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்தது. பயப்படாத ஆள் அப்படிச் சிரிக்க மாட்டார்.

மத்தியானமே எங்கள் வாசலில் லாரி நின்றது. லாரி சத்தம் கேட்டதும் நான் மாட்டுத்தொட்டிக்குள் போய்க் குந்திக்கொண்டேன். வெகு சாமர்த்தியமான இடம் என்று நினைப்பு. பசுமாடு வந்து என் தலையை நக்கிக் காட்டிக்கொடுத்தது. டிராயர் ஏன் நனைந்திருக்கிறது என்று ஒரு போலீஸ்காரர் கேட்டதற்கு, தொட்டித் தண்ணீர் என்றேன். தொட்டியில் தண்ணீரே இல்லை.

அவர்களில் பெரியவர் ஓர் ஏட்டு. பந்தோபஸ்துக்காகத் தெற்குச் சீமையிலிருந்து கூட்டிவந்தவர். வெள்ளை மீசை, பெரிய வயிறு. அவர் கையில் எங்கள் ரம்பத்தின் பிடி.

"ஒம் புருஷன் பேரு என்னம்மா?"

அம்மா புருஷன் பெயரைச் சொல்கிறவள் இல்லை. போலீஸ் கேட்டாலும் சாமியே கேட்டாலும் சொல்ல மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ சொல்லாட்டா என்ன, இதுல இருக்கே. எழுத்து முத்து முத்தால்லா இருக்கு! யாருல இத எழுதுனது?"

என் வாய் திறந்தது. அந்த எழுத்தை அதுவரை பள்ளிக்கூடத்தில் யாருமே மெச்சியதில்லை. 'நான்தான் சார்' என்று சொல்லப்போன நொடியில் அம்மா என் காலை மிதித்தாள். அந்த மிதிதான் என்னைக் காப்பாற்றியது. இன்றைக்கும் யாராவது என்னைப் பாராட்டினால் கட்டைவிரல் வலிக்கிறது.

அதற்கப்புறம் இரண்டு நாள் மழை. விறகுக் கட்டு தீர்ந்துவிட்டது. மலையடிவாரப் பாதையில் போலீஸ் நின்றதால் யாரும் சுள்ளி பொறுக்கப் போகவில்லை. ரோடு அடைபட்டதால் மண்ணெண்ணெயும் வரவில்லை. மீதி இருந்தது நனைந்த மரவள்ளிக் குச்சி. அது எரியாது, புகையும். அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதுவாள், இருமுவாள், வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். புகை ஓலைக்கூரை முழுக்கக் கசிந்து மேலே போகும். ஊரிலிருந்து வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டி நடந்தே வந்த நர்சம்மா அம்மாவின் முதுகில் காதை வைத்துப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "இன்னாம்மா, மூச்சு இப்பிடி இழுக்குது? பொகையில குந்தினா உனுக்கும் ஆவாது, வயித்துல கீறதுக்கும் ஆவாது. சொல்லிட்டேன்."

அவர் என் காதில் விழவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அம்மா இருமுவதை நான் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன். அப்பா மலையில். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் பஸ் கிடையாது, வண்டி கிடையாது, தூக்க ஆள் கிடையாது. இருக்கும் ஆம்பிளை நான் ஒருவன். நானோ மாட்டுத்தொட்டிக்குள் ஒளிகிறவன்.

அப்போதுதான் சயின்ஸ் சார் வகுப்பில் செய்து காட்டிய வெயில் அடுப்பு ஞாபகம் வந்தது. பெட்டிக்குள் பெட்டி. நடுவில் சூடு போகாமல் ஏதாவது அடைக்க வேண்டும். உள்ளே கறுப்பு. மேலே இரண்டு கண்ணாடி, இடைவெளி விட்டு. மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி. வெயில் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும் என்றார் சார். எங்கள் சோற்றுக்கு அது போதும்.

வெளிப்பெட்டிக்கு அம்மாவின் கல்யாண டிரங்குப் பெட்டி. புடவைகளை எடுத்துக் கயிற்றில் போட்டேன். உள்பெட்டிக்கு பாய் கடையிலிருந்து எப்போதோ வந்த சதுர பிஸ்கட் டின். நடுவில் நெல் உமி. விளக்குக் கரியை மரவள்ளி மாவுப் பசையில் குழைத்து டின்னுக்குள்ளும் தூக்குச்சட்டியின் வெளிப்பக்கமும் பூசினேன். கண்ணாடிக்குத்தான் திண்டாட்டம். வீட்டில் கண்ணாடி இருந்தது சாமி படங்களில் மட்டும். ஆணியை நெம்பி, பெருமாளையும் முருகனையும் காற்றாட விட்டேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அய்யய்யோ, பெரட்டாசி மாசத்துலயா!" அப்பா சவரம் செய்யும் கண்ணாடியை டிரங்கு மூடியின் உள்பக்கம் கம்பியால் கட்டினேன். மூடியைத் திறந்து சாய்த்து வைத்தால் வெயில் அப்படியே சட்டி மேல் விழும்.

மூன்றாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. வாசலில் பெட்டியை வைத்தேன். அரை மணிக்கு ஒரு தரம் வெயில் போகிற பக்கம் திருப்ப வேண்டும். ஒரு குச்சியை நட்டு, நிழல் நகர நகரத் திருப்பினேன். உள்கண்ணாடியில் வேர்வை பூத்தது. உமியும் மாவுப்பசையும் சூடாகி ஒரு வாசனை வந்தது. சுட்ட அப்பளத்துக்கும் ஈரச் சாக்குக்கும் நடுவில் ஒரு வாசனை. இன்றும் எங்காவது அது வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

மத்தியானம் சோறு வெந்துவிட்டது. முக்கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் இருமவில்லை. உலகத்தில் அதற்கப்புறம் நான் எதைச் செய்தும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

சாயங்காலம் பெரியம்மா ஓடிவந்தாள். "இன்னாடி, காலையிலேருந்து உங்கூட்டு அடுப்பு எரியல? எழவு வூடு மாதிரி..." என்றவள் தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொண்டாள். உங்களுக்குத் தெரியாததா? சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும்.

"கெட்ட வார்த்த பேசாதக்கா. பையன் வெயில்லயே ஆக்கிட்டான்" என்றாள் அம்மா. பெரியம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போகும்போது, "இருந்தாலும் ரெண்டு சுள்ளியாவது மூட்டிடுடி. மனசுக்கு ஒரு மாதிரி கீது" என்றாள். மறுநாள் காலையில் அம்மா குச்சியை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். நான் குறுக்கே கையை விரித்து நின்றேன். "வேணாம்மா. பொகை ஆவாதுன்னு நர்சம்மா சொல்லிக்கீறாங்க. எம் பொட்டி போதும்." நர்சம்மா சொன்னது பாதிக் காரணம். மீதி, என் பெட்டிக்குப் போட்டியாக அந்த மண் அடுப்பு எரிவது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று லாரி மறுபடி வந்தது. பெட்டியைப் பார்த்ததும் இளவட்டப் போலீஸ்காரர் ஒருவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். "சார், குண்டு சார்!" அந்த நேரம் பார்த்து உள்ளே தூக்குச்சட்டியின் மூடி ஆவியில் டக்கென்று குதித்தது. நாலு பேரும் தரையில் படுத்தார்கள். நானும் படுத்தேன். உள்ளே இருப்பது மரவள்ளிக் கிழங்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் படுத்ததைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏட்டுதான் முதலில் எழுந்தார். மெதுவாகக் கண்ணாடியைத் தூக்கினார். ஆவி மூஞ்சியில் அடித்தது. முகர்ந்து பார்த்தார். "ஏல, கிழங்குல்லா! எங்கூர்ல இத மரச்சீனிம்போம்." ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டார். ஊரில் கடை திறக்கவில்லை. போலீசுக்கும் சோறு கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. "தீயே இல்லாம வெந்திருக்கு! யாருல செஞ்சது?"

இந்த முறை அம்மா மிதிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். "நான்தான் சார்."

அவ்வளவுதான். மற்றவர்களை லாரியில் அனுப்பிவிட்டு ஏட்டு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ரம்பத்தின் சொந்தக்காரன் என்றைக்காவது வீட்டுக்கு வருவான், பிடிக்க வேண்டும் என்பது அவர் வேலை. கிழங்கு வேகிறவரை காத்திருப்பது அவர் விருப்பம். புங்கமர நிழலில் லத்தியை மடியில் போட்டுக்கொண்டு, "ஏல, வெயிலு நவுந்துட்டு பாரு, பொட்டியத் திருப்பு" என்று எனக்கு உத்தரவு போடுவார். அவர் பேச்சுக் கொடுக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்பா எந்தப் பக்கம் போனார் என்பது என் நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. மலைப்பக்கம் பார்க்காமல் இருப்பதே பெரிய வேலை. பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று இருந்து கழுத்து பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள், பெட்டியின் மூன்றாம் நாள், உச்சி வெயில். ஏட்டு கிழங்கு தின்றுகொண்டிருந்தார். அம்மா உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் மாடு கத்துகிறது என்று நினைத்தேன். அப்புறம் மனுஷன் என்று தெரிந்தது.

"அய்யோ, என்ன வுட்டுட்டுப் போய்ட்டியாடி... நான் பாவி, மலையில குந்திக்கினு கீறனே..."

மரவள்ளியைப் பிளந்துகொண்டு அப்பா ஓடிவந்தார். மார்பில் அடித்துக்கொண்டு வந்தார். துண்டு இல்லை. காலில் ரத்தம். நாலைந்து நாள் தாடி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். வாசலில் போலீஸ் உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்கவே இல்லை. சாவு வீட்டுக்கு ஓடிவருகிறவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?

அம்மா முறத்தோடு வெளியே வந்தாள்.

அப்பா நின்றார். வாய் திறந்தபடியே நின்றது. அழ வேண்டிய காரணம் போய்விட்டது, அழுகை மட்டும் நிற்கத் தெரியாமல் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், அப்புறம்தான் காக்கியைப் பார்த்தார்.

ஏட்டு கிழங்கைக் கீழே வைத்தார். "யாரும்மா இது?"

அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். அதுவரை பொய் சொல்லி நான் பார்க்காத என் அம்மா, குரல் நடுங்காமல் சொன்னாள்: "தெரியாதுங்க. அணைப்பக்கம் ஆரோ செத்துட்டாங்கன்னாங்க. எழவுக்குப் போறவரு, வழி தவறிட்டாரு போல."

அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. "ஆமாங்க... மாமியாருங்க... வூடு தெரியல" என்று மூக்கைச் சிந்தினார். இரண்டு அடி பின்னால் வைத்தார். இன்னும் இரண்டு அடி. மரவள்ளி இலை அவர் முதுகில் பட்டது. ஏட்டு தலையை ஆட்டினார். கை மறுபடி கிழங்கை நோக்கிப் போனது. போகிற போக்கில், சும்மா ஒரு பேச்சுக்கு, என் பக்கம் திரும்பினார்.

"ஏல, ஒனக்குத் தெரியுமா, இது யாரு?"

வகுப்பில் என்னைப் போலப் புளுகுகிறவன் கிடையாது. வீட்டுப்பாடம் எழுதாததற்கு நான் சொன்ன காரணங்களை மட்டும் தொகுத்தால் தனிப் புத்தகம் போடலாம். தெரியாது என்கிற ஒரே ஒரு சொல். அப்பா மனப்பாடம் செய்து வைத்துவிட்டுப் போன சொல். ஆனால் அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் காலிலிருந்து ரத்தம் எங்கள் வாசல் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. பயந்துபோனால் எல்லாரும் 'அம்மா' என்பார்கள்.

"அப்பா" என்றேன்.

டிரங்குப் பெட்டிக்குள் சோறு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு, வந்து வாசலில் உட்கார்ந்தார்.

அம்மா முறத்தைக் கீழே போட்டாள். "ஏங்க எறங்கி வந்தீங்க? இன்னாத்துக்குங்க வந்தீங்க?"

"மூணு நாளா பொகையக் காணோம்" என்றார் அப்பா. "முகட்டுல குந்தினா நம்ம கூரதான் தெரியுது. தெனம் காலையில அதத்தான் பாத்துக்கினு இருந்தேன். மழையில நல்லா பொகைஞ்சிது. அப்பறம் நின்னு போச்சி. மொத நாளு மனசத் தேத்திக்கினேன். ரெண்டாம் நாளும் எரியல. உனுக்கோ மாசம். இன்னிக்கும் எரியலன்னதும்... நான் இன்னான்னு நெனைப்பேன்? அடுப்பு எரியாத வூடு எந்த வூடு?"

எல்லாரும் மெதுவாகப் பெட்டியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

அம்மா மூச்சு முட்ட இருமிய இரண்டு நாளும் மலைமேல் அப்பா நிம்மதியாக இருந்திருக்கிறார். அவள் நன்றாக மூச்சுவிட்ட மூன்று நாளும் அவர் அங்கே செத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் நடுவில் உட்கார்ந்து வெயிலைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஏட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினார். தொப்பியை எடுத்தார். ஆனால் தலையில் வைக்கவில்லை. "சோத்தப் போடும்மா" என்றார். "தின்னுட்டே வரட்டும். தேடிப் பிடிச்சேன்னு எழுதல. தானா வந்தான்னு எழுதிக்கிடுதேன்."

அம்மா தூக்குச்சட்டியை எடுத்து அப்பாவுக்குப் போட்டாள். பாதிச் சோறு தட்டுக்கு வெளியே விழுந்தது. அப்பா ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நடுவுல வேகலடா" என்றார்.

ஆனாலும் பூராவையும் தின்றார். தட்டை வழித்துத் தின்றார். கொல்லை வழியாக அவர் முன்னாலும் ஏட்டு பின்னாலும் போனார்கள். வாய்க்காலைத் தாண்டும்போது ஏட்டு வழுக்கினார். அப்பா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அதையும் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் தங்கச்சி பிறந்தாள். பெரியம்மாவும் நர்சம்மாவும் இருந்தார்கள். அதற்கு முந்தின நாள்வரை அம்மா தினமும் காலையில் நனைந்த குச்சியை வைத்து அடுப்பு மூட்டினாள். உட்கார்ந்து இருமினாள். "மலையிலதான் ஆரும் இல்லியேம்மா, ஆரு பாக்கப்போறாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "நீ சும்மா கெட" என்றாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

அப்பா கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஜெயிலிலிருந்து வந்தார். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தானாக வந்தவர் என்பதால் மற்றவர்களைவிட அவருக்கு அடி கம்மி என்று ஊரில் சொன்னார்கள். கம்மி என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. ஏட்டை நான் பல வருஷம் தின்னிமாடன் என்றும் கிழங்குக்காக எங்கள் குடும்பத்தைக் கெடுத்தவன் என்றும் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்த வரையில் வேறு எந்தப் போலீசும் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது.

ரம்பம் திரும்பி வரவில்லை. கேஸ் சாமான். எந்த மூலையிலோ என் கையெழுத்தைக் கரையான் வாசித்துக்கொண்டிருக்கும். பெருமாளும் முருகனும் கடைசிவரை கண்ணாடி இல்லாமலே இருந்தார்கள். பெட்டியைக் கல்லைப் போட்டு உடைக்கப்போனேன், அப்பாதான் தடுத்தார். "அது இன்னாடா பண்ணுது, பாவம். பாப்பா துணி காய வெக்கலாம்" என்றார். அந்தக் கார்த்திகை மழையில் வெயில் தலைகாட்டின போதெல்லாம் தங்கச்சியின் துணி அதில்தான் காய்ந்தது.

'அப்பா' என்று சொன்னதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம், கல்யாண வீடானாலும் சரி, என் வீட்டு டைனிங் டேபிளானாலும் சரி, ஒரு பருக்கையை விரலில் நசுக்கி என்னைப் பார்ப்பார். நான் தலையைக் குனிவேன். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. வயசாகி, படுக்கையில், அமைதியாகத்தான் போனார். கொல்லை நடுவில் அதே இடத்தில் இப்போது மாடி வீடு. உள்ளே கேஸ் அடுப்பு. அவர் போன அன்று வழக்கப்படி அதை மூட்டவில்லை. பெரியம்மா வீட்டிலிருந்து சோறு வந்தது. பழக்கதோஷத்தில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். வெந்திருந்தது. தின்ன முடியவில்லை.

வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தேன். ஊரில் இப்போது எந்தக் கூரையிலும் புகை கிடையாது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு எந்த வீடு எழவு வீடு என்றே தெரியாது. எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. கொல்லைக்குப் போய், பச்சை மரவள்ளிக் குச்சியாக நாலைந்து ஒடித்து வந்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குவித்து, காகிதத்தை வைத்துப் பற்ற வைத்தேன். எரியவில்லை. நன்றாகப் புகைந்தது. நேராக, உயரமாக, முகடு வரைக்கும் போகிற மாதிரி புகைந்தது.

பெரியம்மா கோலை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். "அடப்பாவி, உங்கப்பன உள்ள போட்டுக்கினு, எழவு வூட்ல இன்னாடா மூட்டிக்கினு கீற?"

புகை கண்ணில் பட்டு எனக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"குளுரு காயறேன் பெரியம்மா" என்றேன்.

அது சித்திரை மாதம், உச்சி வெயில். பெட்டி வைத்திருந்தால் சோறு நடுவிலும் வெந்திருக்கும்.